வெளிநாட்டில் சுகாதாரக் கள ஆய்வு: நீலகிரி மாணவர்களுக்கான பயண நல்கை, கேள்வி–பதில்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கத்திலிருந்து பொது சுகாதாரம், நர்சிங், மருந்தியல், சமூகப்பணி, மானுடவியல் படிக்கும் முதுகலை, பிஎச்டி மாணவர்கள் வெளிநாட்டுக் கள ஆய்வுக்குப் பணம் தேடும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நல்ல ஆய்வுத் திட்டம் கையில் இருந்தும் அனுமதிக் கடிதம் தாமதமானதாலோ, பட்ஜெட் கணக்கு ஒத்துவராததாலோ வாய்ப்பை இழப்பவர்கள் பலர். அதனால் அந்த இரண்டைப் பற்றியும் இங்கே அதிகம் பேசியிருக்கிறோம்.

பயண நல்கை என்றால் எதற்குத் தரும் பணம்?

மூன்று வகைப் பணத்தைப் பலரும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். வெளிநாட்டில் சேர்ந்து பட்டம் படிக்கத் தருவது உதவித்தொகை. மாநாட்டில் கட்டுரை வாசித்துவிட்டு நாலைந்து நாளில் திரும்பத் தருவது மாநாட்டுப் பயண உதவி. இங்கேயே படித்துக்கொண்டு, ஆய்வின் ஒரு பகுதிக்காகச் சில வாரமோ சில மாதமோ வேறு நாட்டில் தங்கித் தகவல் திரட்டத் தருவதுதான் கள ஆய்வு நல்கை. மத்திய அரசின் ஏஎன்ஆர்எஃப் (தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை), ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) போன்றவை தரும் சர்வதேசப் பயண உதவி பெரும்பாலும் இரண்டாவது வகை. அதற்குக் கள ஆய்வுத் திட்டத்தை எவ்வளவு அழகாக எழுதி அனுப்பினாலும் பலன் இருக்காது. மாநாட்டு அழைப்புக் கடிதத்தைத்தான் கேட்பார்கள்.

அப்படியானால் எங்கே விண்ணப்பிப்பது?

மருத்துவ மானுடவியல் பக்கம் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வென்னர்-கிரென் ஃபவுண்டேஷனின் முனைவர் பட்டக் கள ஆய்வு நல்கை. 25,000 டாலர் வரை தருகிறார்கள், எந்த நாட்டுக் குடிமகனும் விண்ணப்பிக்கலாம். அங்கே மானுடவியல் கேள்விக்குத்தான் மதிப்பு. 'இத்தனை பேருக்கு ரத்தசோகை இருக்கிறது' என்று எண்ணிச் சொல்வதோடு நிற்கும் திட்டம் எடுபடாது.

தொற்றுநோய், வெப்பமண்டல நோய், சுகாதார அமைப்பு பற்றிய சிறிய ஆய்வுகளுக்கு லண்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் டிராபிகல் மெடிசின் அண்ட் ஹைஜீன், இளம் ஆய்வாளர்களுக்கு 5,000 பவுண்டு வரை தருகிறது. பிஎச்டி முடித்திருக்க வேண்டியதில்லை. இலங்கை, நேபாளம் போன்ற பக்கத்து நாடுகளில் இரண்டு மாத வேலைக்கு இந்தத் தொகை தாராளமாகப் போதும்.

அமெரிக்காவில் ஆய்வு என்றால் ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு ஃபெல்லோஷிப் உண்டு. இந்தியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்டிக்குப் பதிவு செய்தவர்களுக்கானது. அமெரிக்காவில்தான் தங்க வேண்டும் என்பதால் ஆப்பிரிக்கக் கிராமத்துக்கோ இலங்கைத் தோட்டத்துக்கோ போக அது உதவாது.

சொந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிதியையும், உங்களை ஏற்கும் வெளிநாட்டுத் துறையின் சிறு நிதியையும் கேட்காமல் விடாதீர்கள். தொகை சின்னதுதான். ஆனாலும் 'விமானக் கட்டணத்தை எங்கள் பல்கலைக்கழகம் ஏற்கிறது' என்று ஒரு வரி எழுத முடிந்தால் பெரிய நல்கைக்காரர்களின் நம்பிக்கை கூடும்.

பழங்குடி மாணவர்களுக்குத் தனியாக எதுவும் உண்டா?

மத்திய பழங்குடியினர் விவகார அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை உண்டு. ஆண்டுக்கு 20 இடம், அதில் 3 மிகவும் நலிவுற்ற பழங்குடிப் பிரிவினருக்கு. தமிழ்நாட்டில் அந்தப் பிரிவில் வரும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் நீலகிரியில் வாழ்பவை. ஆனால் இது வெளிநாட்டில் பட்டம் படிக்கத் தரும் உதவி, இரண்டு மாதக் கள ஆய்வுக்கு அல்ல. தகுதி உள்ளவர்கள் முழுப் படிப்புக்கே இதை முயன்று பார்க்க வேண்டும்.

'ஏன் அந்த நாடு?' என்ற கேள்விக்கு என்ன எழுதுவது?

மதிப்பீட்டாளர் முதலில் தேடிப் படிக்கும் பத்தி இதுதான். 'உலக சுகாதாரத்தில் எனக்கு மிகுந்த ஆர்வம்' என்று தொடங்கும் விண்ணப்பங்கள் அவர் முன்னால் குவிந்து கிடக்கும். நம் மலைக்கும் அந்த நாட்டுக்கும் உள்ள தொடர்பை, அங்கே போனால் மட்டுமே பதில் கிடைக்கும் கேள்வியாக மாற்றி எழுதுங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. அரிவாள் செல் என்பது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் பரம்பரை நோய். இந்தியாவில் அதற்கான மரபணு இருப்பது முதலில் பதிவானது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1952-இல் அதை வெளியிட்டார்கள். கானா நாட்டின் குமாசியில் பிறந்த குழந்தைகளின் குதிகாலில் ரத்தச் சொட்டு எடுத்து இந்த நோயைக் கண்டறியும் திட்டம் 1990களிலேயே தொடங்கிவிட்டது. இந்தியாவில் அரிவாள் செல் ஒழிப்புக்கான தேசிய இயக்கம் 2023 ஜூலையில்தான் தொடங்கியது. 'குழந்தைக்கு நோய் இருப்பதாகத் தெரிந்த பிறகு தாயைத் தொடர்ந்து மருத்துவமனைக்கு வரவைப்பது எப்படி என்று குமாசியின் செவிலியர்களிடம் கற்று, கூடலூர் பகுதிக்குப் பொருத்திப் பார்ப்பேன்' என்று எழுதினால் ஏன் கானா என்று யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு இடத்திலும் மரபணுப் பின்னணி வேறு என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இந்தியப் பழங்குடியினரிடம் காணப்படும் வகையில் கருக்கால ஹீமோகுளோபின் (கருவில் இருக்கும்போது ரத்தத்தில் இருக்கும் வகை) கூடுதலாக இருப்பதால் நோயின் வேகம் பொதுவாகச் சற்றுக் குறைவு. இதைச் சொல்லாமல் விட்டால், நோயின் தீவிரத்தை நேருக்கு நேர் ஒப்பிடப் போகிறீர்களோ என்று மதிப்பீட்டாளர் சந்தேகப்படுவார்.

இன்னொன்று இலங்கை மலையகம். 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்காகத்தான் 1968-இல் டான்டீ என்னும் தமிழக அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. ஒரே குடும்பத்தின் ஒரு கிளை கோத்தகிரியிலும் இன்னொரு கிளை ஹட்டனிலும் கொழுந்து பறிக்கிறது. வேலை ஒன்று, உணவு ஏறத்தாழ ஒன்று, சுகாதார அமைப்பு மட்டும் வேறு. ஒப்பீட்டு ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான களம் அமைவது அரிது. நீலகிரி மாணவர்கள் இதை இன்னும் அதிகம் பயன்படுத்த வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

எவ்வளவு முன்னால் வேலையைத் தொடங்க வேண்டும்?

கிளம்பும் நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் பின்னோக்கி எண்ணுங்கள். ஹட்டன் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் போகும் பாதை சேறாகிவிடும். அதனால் தைப்பொங்கல் விடுமுறை முடிந்து ஜனவரி 20 வாக்கில் அங்கே இறங்குவதாக வைத்துக்கொள்வோம். முந்தைய ஜனவரியிலேயே அங்குள்ள பேராசிரியருக்கு எழுத வேண்டும். மார்ச்சுக்குள் ஏற்புக் கடிதம். ஏப்ரலில் உங்கள் கல்லூரி எத்திக்ஸ் கமிட்டிக்கு (நெறிமுறைக் குழு) விண்ணப்பம். மே மாதம் நல்கை விண்ணப்பம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்நாட்டு நெறிமுறைக் குழு. அக்டோபரில் முடிவு தெரிந்ததும் விசா வேலை. நவம்பர், டிசம்பரை மழைக்காக விட்டுவையுங்கள். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் மண் சரிந்தால் விசாவுக்கு வாங்கி வைத்த அப்பாயின்ட்மென்ட் கைவிட்டுப் போகும்.

எத்திக்ஸ் கமிட்டி தினமும் கூடுவதில்லை. ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஒன்றிரண்டு மாதம் ஆகும். அவர்கள் கேட்கும் விளக்கத்துக்குப் பதில் எழுதி மறுபடி வைக்க இன்னொரு கூட்டம். அட்டவணை தடம்புரள்வது பெரும்பாலும் இங்கேதான்.

நம் கல்லூரியின் நெறிமுறை அனுமதி மட்டும் போதாதா?

போதாது. களம் எந்த நாட்டிலோ அந்த நாட்டின் அனுமதியும் வேண்டும். நேபாளத்தில் நேபாள சுகாதார ஆய்வுக் கவுன்சில். கென்யாவில் நாகோஸ்டி என்ற தேசிய அறிவியல் ஆணையத்தின் உரிமம். உகாண்டாவில் உள்ளூர் நெறிமுறைக் குழு, அதற்குப் பிறகு தேசிய அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சிலில் பதிவு. தான்சானியாவில் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் நெறிமுறை அனுமதி ஒன்று, காஸ்டெக் என்ற அறிவியல் தொழில்நுட்ப ஆணையத்தின் ஆய்வு அனுமதி இன்னொன்று. இலங்கையில் ஏதாவது ஒரு மருத்துவ பீடத்தின் நெறிமுறைக் குழுவை அங்குள்ள கூட்டாய்வாளர் வழியாக அணுகுவது வழக்கம். அதோடு தோட்டத்துக்குள் நுழையத் தோட்ட நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும். லயத்தில் குடியிருப்பவர் 'வாங்க' என்று கூப்பிட்டாலும், நிர்வாகக் கடிதம் இல்லாமல் உள்ளே போனால் பிறகு சங்கடப்படுவது அந்தக் குடும்பம்தான்.

ஒப்பீட்டின் இன்னொரு பாதியை நீலகிரியில் செய்வதாக இருந்து, அதற்கு வெளிநாட்டுப் பணமோ கூட்டாளியோ இருந்தால், ஐசிஎம்ஆர் வழியாகச் செல்லும் மத்திய சுகாதார அமைச்சகத் திரையிடல் குழுவின் அனுமதி வேண்டியிருக்கும். பழங்குடிக் குடியிருப்பு என்றால் பழங்குடியினர் நலத்துறையையும், காட்டுக்குள் என்றால் வனத்துறையையும் கேட்க வேண்டும்.

இலங்கையிலும் தமிழ்தானே? மொழிபெயர்ப்புச் செலவை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இங்கே ஆஸ்பத்திரி என்றால் அங்கே வைத்தியசாலை. நர்ஸ் அங்கே தாதி. தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தைப் பிள்ளை மடுவம் என்பார்கள். படிவங்களில் ரத்தம் என்பதைவிடக் குருதி என்ற சொல்லே புழங்கும். நம் ஊரில் எழுதிய ஒப்புதல் படிவத்தை அப்படியே நீட்டினால் படிப்பவருக்குப் பொதுவாகப் புரியும், ஆனால் எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது துல்லியமாகப் புரியாது. நெறிமுறைக் குழுவும் அதைத்தான் கேட்கும். மலையகத்துக்காரர் ஒருவர் திருத்தி எழுத இரண்டு நாள் கூலி, எழுதியதை ஐந்து பேரிடம் வாசித்துக் காட்டிச் சரிபார்க்க ஒரு நாள் கூலி என்று பட்ஜெட்டில் போடுங்கள். பொது சுகாதார அலுவலர்களில் பலர் சிங்களம் பேசுபவர்கள் என்பதால் சிங்களப் பிரதியும் தேவைப்படும்.

பட்ஜெட்டை எப்படிப் போடுவது?

பணத்தை எழுதும் முன் நேரத்தை எண்ணுங்கள். 'நாளொன்றுக்கு பத்து வீடு, பத்தே நாளில் நூறு வீடு' என்று எழுதியவர் தோட்டத்தைப் பார்த்ததில்லை என்று மதிப்பீட்டாளருக்கு உடனே தெரிந்துவிடும். கொழுந்து பறிக்கும் பெண் காலையில் மலையேறினால் மாலையில் இலை எடை போட்டுவிட்டுத்தான் இறங்குவார். வீட்டுக்கு வந்து தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பார்த்துவிட்டு உங்களோடு உட்கார ஐந்தரை மணி ஆகிவிடும். ஏழரைக்குள் நீங்கள் கிளம்பிவிட வேண்டும். ஒரு பேட்டிக்கு 40 நிமிடம் என்றால் ஒரு மாலையில் மூன்று வீடு.

90 வீடு என்றால் 30 மாலை. வாரத்துக்கு ஐந்து மாலை என்று வைத்தால் ஆறு வாரம். முன்னால் ஒரு வாரம் அனுமதிக்கும் முன்னோட்டப் பேட்டிக்கும், பின்னால் ஒரு வாரம் பூட்டிக்கிடந்த வீடுகளுக்கு மறுபடி போகவும். மொத்தம் எட்டு வாரம், 56 இரவு. இந்த எண்ணிலிருந்துதான் மற்ற வரிகள் பிறக்கும். தங்குமிடம் 56 இரவு. உள்ளூர் உதவியாளர் 30 மாலையோடு மூன்று நாள் பயிற்சி சேர்த்து 33 நாள். போக வர ஆட்டோ 30 முறை. ஒப்புதல் படிவம் மூன்று பக்கம், ஆளுக்கு இரண்டு பிரதி, 90 பேர் என்றால் 540 பக்கம், வீணாவதையும் சேர்த்து 600. காப்பீடு பயண நாளையும் சேர்த்து 60 நாள்.

ஒவ்வொரு வரியிலும் அளவு, எண்ணிக்கை, விலை மூன்றும் தெரிய வேண்டும். 'உள்ளூர்ப் போக்குவரத்து' என்று எழுதி ஒரு மொத்தத் தொகையைப் போட்டால் முதலில் வெட்டு விழுவது அதற்குத்தான். தங்குமிடத்துக்கும் விமானத்துக்கும் விலைப்புள்ளி இணையுங்கள். எந்தத் தேதியின் மாற்று விகிதத்தில் கணக்கிட்டீர்கள் என்று அடியில் குறிப்பிடுங்கள். விண்ணப்பிக்கும் நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் இடையில் ரூபாய் மதிப்பு மாறும். நல்கை விதி அனுமதித்தால் 5 சதவீதம் எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குங்கள்.

உதவியாளரின் கூலியை மட்டும் குறைக்காதீர்கள். அவர் இல்லாமல் உங்களுக்கு ஒரு கதவும் திறக்காது. ஏற்கும் பல்கலைக்கழகம் கள உதவியாளருக்குத் தரும் விகிதத்தைக் கேட்டு அதையே எழுதுங்கள்.

எவற்றுக்குப் பணம் தர மாட்டார்கள்?

கல்விக் கட்டணம், உங்களுக்கான சம்பளம், ஏற்கெனவே செய்துவிட்ட செலவு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் தருவதில்லை. லேப்டாப் வாங்குவதையும் பல இடங்களில் ஏற்பதில்லை. கல்லூரி நிர்வாகம் பிடித்துக்கொள்ளும் மேல்செலவுத் தொகையை வென்னர்-கிரென் அனுமதிப்பதில்லை. உங்கள் கல்லூரியில் அப்படிப் பிடிக்கும் வழக்கம் இருந்தால் முன்பே பேசி, பிடிக்க மாட்டோம் என்று கடிதம் வாங்கிவிடுங்கள்.

பணம் என் வங்கிக் கணக்குக்கே வருமா?

நல்கையைப் பொறுத்தது. தனிநபருக்கு உதவித்தொகையாக வரும் வெளிநாட்டுப் பணத்துக்கு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் (எஃப்சிஆர்ஏ) விலக்கு உண்டு. பணம் அறக்கட்டளை நடத்தும் கல்லூரிக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ போவதாக இருந்தால் அந்த அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ, டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கான கணக்கும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பணத்தைப் பெறவே முடியாது. நல்கை கிடைத்த பிறகு இது தெரிய வந்தால் திருப்பி அனுப்புவதைத் தவிர வழியில்லை. விண்ணப்பிக்கும் முன்பே நிதி அலுவலரிடம் கேளுங்கள்.

சில நல்கைகள் திரும்பி வந்து ரசீது கொடுத்த பிறகே பணம் தரும். கைப்பணம் இல்லாதவர்கள் முன்பணம் கேட்டு எழுதலாம். கேட்பதால் விண்ணப்பத்தின் மதிப்பு குறையாது.

டிக்கெட்டை நமக்குத் தெரிந்த ஏஜெண்டிடம் எடுக்கலாமா?

வெளிநாட்டு நல்கை என்றால் பெரும்பாலும் எடுக்கலாம். இந்திய அரசுப் பணம் என்றால் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி மூன்றில் ஒன்றின் வழியாக, எகானமி வகுப்பில் எடுக்க வேண்டும். ஊட்டி சேரிங் கிராஸில் மலிவாகக் கிடைத்தது என்று எடுத்தால் பில் திரும்பி வரும். போர்டிங் பாஸைத் தொலைக்காதீர்கள். வாயிலைத் தாண்டியதும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர். பிரச்சினை வருமா?

வரும், கவனமாக இருங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். மதிப்பெண் பட்டியலில் 'கே. செல்வி', பாஸ்போர்ட்டில் 'செல்வி கிருஷ்ணன்', வங்கியில் 'செல்வி கே' என்று மூன்று விதமாக இருந்தால் வெளிநாட்டு வங்கி அனுப்பும் பணம் நின்றுவிடலாம். நல்கை விண்ணப்பம், டிக்கெட், காப்பீடு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். மூன்று பெயரும் ஒருவரே என்று கல்லூரி முதல்வரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். வங்கிக் கணக்குப் பெயரைக் கிளம்பும் முன் மாற்றிவிடுவது நல்லது.

புதிதாக பாஸ்போர்ட் எடுப்பவர்களுக்கு நீலகிரி கோயம்புத்தூர் மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு பந்தலூர் வீட்டு முகவரியைக் கொடுத்தால், போலீஸ் விசாரணைக்கு வரும் நாளில் நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள். அறிக்கை பாதகமாகப் போகும். விடுமுறையில் ஊரில் இருக்கும்போது விண்ணப்பியுங்கள்.

சுற்றுலா விசாவில் போய்ப் பேட்டி எடுத்துவிட்டு வரலாமா?

கூடாது. மாட்டினால் திருப்பி அனுப்பப்படுவீர்கள். திரட்டிய தகவலை ஆய்வேட்டில் பயன்படுத்துவதும் கேள்விக்குள்ளாகும். உங்களுக்குக் கையெழுத்திட்ட அந்நாட்டுப் பேராசிரியரின் பெயரும் கெடும். ஏற்கும் பல்கலைக்கழகத்தின் வழியாக ஆய்வுக்கான விசாவே கேளுங்கள்.

தடுப்பூசி, மருந்து?

கானா, உகாண்டா, கென்யா போன்ற நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். சான்று ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். அந்த மஞ்சள் நிறப் புத்தகம் இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே போட வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவற்றில் ஒன்று. முட்டை ஒவ்வாமை இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சென்னைப் பயணச் செலவையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

மலேரியாத் தடுப்பு மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. டாக்சிசைக்ளின் என்றால் போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன் தொடங்கி, அந்த இடத்தை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் சாப்பிட வேண்டும். ஊட்டிக் குளிருக்குத் திரும்பியதும் தேவையில்லை என்று தோன்றும், ஆனால் கிருமி உடம்புக்குள் இருக்கலாம். இலங்கை 2016-இல் மலேரியா இல்லாத நாடாகச் சான்று பெற்றது. அங்கே இருக்கும்போது காய்ச்சல் வந்தால் இந்தியாவிலிருந்து வந்திருப்பதாக உடனே சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

நாய்கள் திரியும் குடியிருப்புகளில் வீடு வீடாக ஏறி இறங்குபவர்கள் வெறிநாய்க்கடி முன்தடுப்பு ஊசியை 0, 7, 21 அல்லது 28-ஆம் நாளில் போட்டுக்கொள்ள வேண்டும்.

ரத்த மாதிரியைக் கையோடு கொண்டுவரலாமா?

முடிந்தவரை வேண்டாம். பரிசோதனையை அங்குள்ள ஆய்வகத்திலேயே செய்து முடிவை மட்டும் கொண்டுவருவதாகத் திட்டமிடுங்கள். கொண்டுவரத்தான் வேண்டும் என்றால் இரு நிறுவனங்களுக்கு இடையே பொருள் பரிமாற்ற ஒப்பந்தம், அந்நாட்டு ஏற்றுமதி அனுமதி, இங்கே இறக்குமதி அனுமதி, மூன்றடுக்குப் பொதி எல்லாம் வேண்டும். இதற்கே ஆறு மாதம் ஓடிவிடும்.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது?

நோட்டாக 3,000 டாலர் மதிப்பு வரை எடுத்துப் போகலாம், மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றுங்கள். உங்கள் இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங்கைக் கிளம்பும் முன்பே திறந்துவிடுங்கள். ஓடிபி வராமல் சொந்தக் கணக்கைத் தொட முடியாமல் போவது சர்வசாதாரணம்.

கிளம்பும் நாளில் கவனிக்க வேண்டியது?

மழைக்காலத்தில் விமானத்துக்கு முந்தைய நாளே மலையிறங்கிவிடுங்கள். கூடலூரிலிருந்து பெங்களூரு விமானத்துக்குப் போகிறவர்கள் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படுவதைக் கணக்கில் வையுங்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் கோழிக்கோடு விமான நிலையத்தின் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேலை முடிவதற்குள் நாள் முடிந்துவிட்டால்?

தோட்டத்தில் வேலைநிறுத்தம் வரலாம், ஒரு வாரம் விடாமல் மழை பெய்யலாம். கூடுதல் பணம் கேட்காமல் கால நீட்டிப்பு மட்டும் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். நல்கைக் காலம் முடிவதற்குள் எழுத வேண்டும், முடிந்த பிறகு எழுதினால் ஏற்க மாட்டார்கள். வீடுகளின் எண்ணிக்கையை 90-லிருந்து 70 ஆகக் குறைப்பதானால் இரண்டு நெறிமுறைக் குழுக்களுக்கும் தெரிவியுங்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால்?

மதிப்பீட்டாளர் கருத்தைக் கேட்டு வாங்குங்கள். மறுமுறை அனுப்பும்போது அவர் சுட்டிய ஒவ்வொன்றுக்கும் என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். இரண்டாம் முறையில் கிடைப்பது வழக்கமான ஒன்றுதான்.

திரும்பி வந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

கணக்கு, பயன்பாட்டுச் சான்று, அறிக்கை மூன்றையும் நல்கை சொல்லும் நாளுக்குள் கொடுங்கள். ரசீது தராத ஆட்டோக்காரருக்கும் கள உதவியாளருக்கும் தேதி, தொகை, கையெழுத்தோடு வவுச்சர் எழுதி வாங்கியிருந்தால் இது இரண்டு நாள் வேலை. வெப்பத்தாளில் அச்சான ரசீதுகள் சில மாதத்தில் வெளுத்துவிடும், அன்றன்றே ஸ்கேன் செய்யுங்கள்.

பேட்டி கொடுத்தவர்களுக்கு முடிவைச் சொல்வதற்கான செலவைத் தொடக்க பட்ஜெட்டிலேயே எழுதியிருக்க வேண்டும். இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் 100 பிரதி, தோட்டத்தில் ஒரு கூட்டம், வந்தவர்களுக்கு டீயும் வடையும். எட்டாவது வாரத்தில் முழு முடிவு தயாராக இருக்காது. அதனால் முதல்நிலைத் தகவலை நீங்களே அந்த வாரம் சொல்லிவிட்டு, முழுச் சுருக்கத்தைப் பிறகு உதவியாளர் வழியாகக் கொடுங்கள். அந்த ஒரு நாளுக்கான கூலியும் சேர்த்தால் அவருக்கு 34 நாள்.